கூட்டமைப்பும் கூடிப் பேசுதலும்: சென்னைத் திரைப்படச் சங்கங்கள் குறித்துச் சில கேள்விகள்

சிதறிக் கிடக்கிற திரைப்படச் சங்கங்களை ஒரே அமைப்பாக்கிவிட வேண்டும் என்று நண்பர்கள் சிலர் மறுபடியும் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். மயிலாப்பூரில் பத்துப் பேர், அடையாறில் இருபது பேர், தி.நகர் மாடியறை ஒன்றில் எட்டுப் பேர். தனித்தனியாக உட்கார்ந்து அதே 'பதேர் பாஞ்சாலி'யைப் பார்த்து அதே பேச்சைப் பேசுவானேன் என்கிறார்கள். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் எதை ஒன்றுபடுத்தப் போகிறோம்? படச்சுருளையா, உறுப்பினர் பட்டியலையா, பேச்சையா? விதிமுறை நகல் எழுதுகிற அவசரத்தில் இந்தக் கேள்வி காணாமல் போய்விட்டது.

ஒன்றுபடுதல் ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்த கதை. 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் சங்கம் தொடங்கினார்கள். 1952இல் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயிலிருந்து புறப்பட்டுச் சென்னைக்கும் வந்தது. அதற்குப் பின் ஊருக்கு ஊர் சங்கங்கள் முளைத்தன. 1959 டிசம்பரில் இவை சேர்ந்து இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு ஆயின. ராய் தலைவர், துணைத்தலைவர்களில் ஒருவர் சென்னையின் அம்மு சுவாமிநாதன், அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். பின்னாளில் இந்திரா காந்தியும் துணைத்தலைவர்களில் ஒருவரானார். ஆக, பிறக்கும்போதே தில்லிக் கதவைத் தட்டத் தெரிந்த கைகள் அதற்கு இருந்தன.

தட்ட வேண்டிய காரணமும் இருந்தது. ஒரு சிறு சங்கம் வெளிநாட்டுப் பிரதியைத் தனியாக வரவழைக்க முடியாது. தூதரகம் தருகிற தகரப்பெட்டி ஊர் ஊராகச் சுற்றினால்தான் செலவு கட்டும். தணிக்கை வேறு. 1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, திரையிடலுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுக்கிறது. கூட்டமைப்பு இந்த வழியில் பேரம் பேசித் தன் உறுப்பினர்களுக்கு வெட்டுப்படாத படம் பார்க்கும் சலுகையைப் பெற்றது. அதன் பெரிய சாதனை இதுதான்.

இங்கே 'உறுப்பினர்' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். 1970இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் முன்தணிக்கை செல்லும் என்றது. மற்றக் கலைகளைவிட சினிமா உணர்ச்சிகளை ஆழமாகக் கிளறுகிறது என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. யாருடைய உணர்ச்சிகளை? சந்தா கட்டி அட்டை வைத்திருப்பவரின் உணர்ச்சியைப் பற்றி அரசுக்குக் கவலையில்லை. டிக்கெட் கவுண்டரில் வேர்த்து நிற்பவனின் உணர்ச்சிதான் ஆபத்தானது. ஒரே பிம்பம், இரண்டு பார்வையாளர்கள். விலக்கு கேட்பதென்பது சட்டத்தை ஒப்புக்கொண்ட பிறகு செய்கிற காரியம். அறிந்தோ அறியாமலோ கூட்டமைப்பு இந்தப் பிரிவினையின் பயனாளி ஆனது.

இதே தி.நகரில் இன்னொரு கூட்டமைப்பும் வளர்ந்துகொண்டிருந்தது. ஆற்காடு தெருவில் இன்று நினைவில்லமாக இருக்கிற வீட்டுக்குரியவரின் பெயரால் தமிழகம் முழுக்க இயங்கிய ரசிகர் மன்றங்கள். அவையும் சிதறிக் கிடந்த பார்வையாளர் குழுக்கள்தானே? 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டபோது அந்த மன்றங்களே புதுக்கட்சிக்கு அடித்தளமாயின. 1977இல் ஆட்சியைப் பிடித்தன. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இலும், மதுரையை வைத்து சாரா டிக்கி 1993இலும் இதையெல்லாம் பெரிய ஆய்வுகளாகவே எழுதிவிட்டார்கள். நம் சங்கத்துக் கனவான்களோ 'விசிலடிச்சான் குஞ்சுகள்' என்பதைத் தாண்டி எதுவும் யோசிக்கவில்லை. அதற்காக மன்றத்தைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். தலைவரின் படத்தைக் குறைசொல்லிவிட்டு எந்த மன்றத்தில் ஒருவன் முழுசாக வெளியே வந்திருப்பான்? ஒரு கூட்டமைப்பு அனுமதியைத் திரட்டியது, இன்னொன்று வாக்கைத் திரட்டியது. இரண்டிலும் வாதம் இல்லை.

அல்லயன்ஸ் பிரான்சேஸ், கஸ்தூரி ரங்கா ரோட்டில் அப்போதைய சோவியத் கலாச்சார மையம் என்று அலைந்தவன் நான். ஆங்கிலத்தில் ஒரு அறிமுகம், படம், ஆங்கிலத்தில் ஒரு நன்றியுரை. நான் போய்க்கொண்டிருந்த சங்கம் ஒன்றில் எட்டரைக்கு ஹாலைப் பூட்டணும் என்று சொல்லி விவாதத்தை நிறுத்திவிடுவார்கள். பேச்சு பிறகு எல்டாம்ஸ் ரோடு டீக்கடை வாசலில், தமிழில் ஆரம்பிக்கும். வெங்கட் சாமிநாதன் எழுதி ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) பார்த்த இரவு, ஸ்டூடியோவில் லைட் பிடிக்கிற நண்பர் கேட்டார்: "ஏன்யா, அந்தக் கழுதைக்காக வாத்தியார் இவ்வளவு உருகறாரே, அதைப் பாத்துக்கற ஊமைப் பொண்ணுக்காக யாராவது உருகறாங்களா?" செத்துப் பிறந்த அவள் குழந்தை கோயில் வாசலில் கிடக்க, பழியை ஊர் கழுதைமேல் போடுகிறது. படமும் கழுதையின் பின்னாலேயே போய்விடுகிறது. அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட உருப்படியான விமர்சனம் அது. அவரிடம் உறுப்பினர் அட்டை கிடையாது. யாரோ ஒருவரின் விருந்தினராக வந்தவர்.

ஒன்றுபடுதலுக்கு வேறு மாதிரியும் உண்டு. அதே ஜான் ஆபிரகாம் 1984இல் கேரளத்தில் ஒடேசா குழுவைத் தொடங்கி, ஊர் ஊராகத் திரையிட்டு மக்களிடம் வசூலித்த காசில் 'அம்ம அறியான்' (1986) எடுத்தார். அங்கே பார்வையாளரைச் சேர்த்துக் கட்டியது சந்தா அல்ல, இன்னும் எடுக்கப்படாத ஒரு படம். நம்ம பக்கம் 2017இல் மலமள்ளும் தொழிலாளர் பற்றிய திவ்யபாரதியின் 'கக்கூஸ்' திரையிடலைப் பல இடங்களில் போலீஸ் தடுத்தது. தெருவுக்குப் போகிற படத்துக்கு 9ஆம் பிரிவு கைகொடுப்பதில்லை. ஒற்றுமை தேவைப்படுகிற இடம் இதுதான் என்று நினைக்கிறேன்: தடை வந்தால் நீதிமன்றம் போக ஒரு வழக்கறிஞர், வாடகையில்லாத ஒரு புரொஜக்டர், தமிழில் சப்டைட்டில் போடத் தெரிந்த நாலு பேர். மற்றபடி எட்டுப் பேர் எட்டுப் பேராகவே இருக்கட்டும். இருபதாயிரம் பேருக்குள் அந்த லைட்மேன் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

நண்பர்கள் சுற்றுக்கு விட்டிருக்கிற நகலில் சந்தாவுக்கு ஒரு விதி, தலைவர் பதவிக் காலத்துக்கு ஒரு விதி, முத்திரைக்குக்கூட ஒரு விதி இருக்கிறது. பேச்சு எந்த மொழியில், யார் யார் பேசலாம், ஹாலை எப்போது பூட்டுவது என்று ஒரு வரி இல்லை. விருந்தினருக்குப் பேச உரிமை, தமிழில் விவாதம், பூட்டுச்சாவி நம் கையில் என்று மூன்று திருத்தங்களை எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.