மலை ஏறாத 25 சதவீதம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. கோரிமேடு வழியாக இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்த பாதை. அயோத்தியாப்பட்டினத்தில் திரும்பி, குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுவது மற்றொன்று. முதல் பாதையில் மண் சரிந்தால்தான் இரண்டாவது பாதை சுற்றுலா வருகிறவர்களின் நினைவுக்கு வரும். சேர்வராயன் மலைக் குழந்தைகளின் படிப்பைப் பற்றி யோசிக்க வேண்டுமானால் குப்பனூர்ப் பாதையில்தான் போக வேண்டும். மலையடிவாரத்தில் சேலத்துத் தனியார் பள்ளிகளின் வேன்கள் எட்டும் ஊர்கள். மேலே ஏற ஏற, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்கள். உச்சியில், நாட்டின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் மான்ட்போர்ட், சேக்ரட் ஹார்ட் போன்ற புகழ்பெற்ற பள்ளிகள். மான்ட்போர்ட் 1917இல் தொடங்கப்பட்டது. ஒரு நூற்றாண்டாக நல்ல கல்வி இந்த மலையின் மேலேயே இருந்துவருகிறது. தோட்டத்தில் மிளகு பறிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

இந்தத் தூரத்தைக் குறைக்க நம் கையில் இருக்கும் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம். அதன் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. அந்தச் செலவை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். பேச்சுவழக்கில் 'ஆர்.டி.இ. சீட்டு'.

இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். வீட்டு வேலை செய்யும் பெண்ணின் மகளும் அந்த வீட்டுக்காரரின் மகளும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்று இந்த நாட்டில் ஒரு சட்டம் சொன்னது சிறிய விஷயம் இல்லை. சிபாரிசு செல்லாது, விண்ணப்பங்கள் அதிகமானால் குலுக்கல் என்ற விதியும் நல்லது. நகரங்களில் இதனால் படிப்பின் திசையே மாறிய பிள்ளைகள் இருக்கிறார்கள். தனியார் பள்ளிகளின் எதிர்ப்பை மீறி 2012இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது சரியான முடிவு.

ஆனால் அந்தத் தீர்ப்பே அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்களித்தது. 2014இல் பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உதவி பெறுபவை உட்பட எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளையும் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. ஏற்காட்டின் பழம்பெரும் பள்ளிகளோ கத்தோலிக்கத் துறவற சபைகள் நடத்துபவை. ஆகவே மலையில் எந்தக் கதவைத் திறக்க இந்தச் சட்டம் மிகவும் தேவையோ, அந்தக் கதவின் மேல் அதற்கு அதிகாரமே இல்லை. இதில் அந்தப் பள்ளிகளைக் குறை சொல்ல மாட்டேன். சிறுபான்மையினரின் கல்வி நிறுவன உரிமை அரசமைப்பின் 30ஆம் பிரிவு தந்தது, காக்கப்பட வேண்டியது. அந்த உரிமைக்கும் ஏழைக் குழந்தையின் உரிமைக்கும் இடையே முழு விலக்கு தவிர வேறு வழி இல்லையா என்று கேட்கலாம். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வும் பிரமதி தீர்ப்பை ஐயுற்று, பெரிய அமர்வு பரிசீலிக்கட்டும் என்று அனுப்பியது.

விலக்கு நீங்கினாலும் மலைக்குத் தீர்வு வந்துவிடாது. தமிழ்நாட்டில் இந்த இடங்களுக்குப் பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கே முன்னுரிமை. நகரத் தெருவில் ஒரு கிலோமீட்டருக்குள் மூன்று பள்ளிகள் இருக்கும். மலைக் கிராமத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் அடுத்த தோட்டத்தின் வேலி. இதற்கு மேல் சான்றிதழ்: பழங்குடியினர் சாதிச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு அதற்காக அலைவது எத்தனை பெற்றோரால் முடியும்? அடுத்தது போட்டி. இங்கே பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் 'வாய்ப்பு மறுக்கப்பட்டோர்' பட்டியலில் இருக்கிறார்கள், வருமான வரம்பு இல்லாமல். அயோத்தியாப்பட்டினத்தில் கடை வைத்திருப்பவரின் பிள்ளையும் மலையாளிக் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே குலுக்கலில் நிற்கிறார்கள். வறுமையை அளக்காத குலுக்கல் எப்படிச் சமத்துவம் ஆகும்?

இடம் கிடைத்த பிள்ளைக்கும் எட்டாம் வகுப்போடு சலுகை முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம். பத்து வருடம் ஒரு பள்ளியில் ஆங்கில வழியில் படித்த பதினான்கு வயதுப் பிள்ளையை, பொதுத்தேர்வுக்கு முந்தைய ஆண்டில் வேறு பள்ளி தேட வைப்பது கொடுமை. சட்டத்தின் மற்ற எந்தக் குறையையும்விட இது என்னை உறுத்துகிறது.

2025-26இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தைத் தமிழகம் ஏற்காததால் சமக்ர சிக்ஷா கல்வி நிதி நிறுத்தப்பட்டது. இந்த இடங்களுக்கான பணமும் அந்த நிதியோடு நின்றது. கோடையில் முடிய வேண்டிய சேர்க்கை அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பள்ளிகளில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளிலிருந்தே தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார்கள். ஜூன் மாதம் பணம் புரட்ட முடிந்தவருக்கு இலவச இடம் கிடைத்தது. முடியாதவர் வரிசையிலேயே இல்லை.

அப்படியானால் கொட்டச்சேட்டுப் பக்கத்துக் குழந்தைக்கு யார் பொறுப்பு? அரசுப் பள்ளிதான். அதற்காகத் தனியார் ஒதுக்கீட்டைக் கைவிடச் சொல்லவில்லை. கர்நாடகம் 2019இல், அருகில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் அங்கே 25 சதவீத ஒதுக்கீடு வேண்டாம் என்று விதியை மாற்றியது. எனக்கு அதில் உடன்பாடில்லை; நகரத்து ஏழையின் கையில் இருப்பதைப் பிடுங்குவதால் மட்டும் மலைவாசிக்கு எதுவும் கிடைத்துவிடாது. ஆனால் தனியார் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் பல நூறு கோடி ரூபாய் போகும்போது, மலைப் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்ற கணக்கை அரசு முன்வைக்க வேண்டும்.

இதே கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. மலைச் சிற்றூரில் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள்தான் இருப்பார்கள். காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், பெரிய நகரப் பள்ளிகளும் பொறாமைப்படும் விகிதம். நடைமுறையில் இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போனால் ஐந்தும் ஒருவர் தலையில். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 'அ' எழுதிக்கொண்டிருக்கும் அறையிலேயே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பின்னங்களைப் படிக்க வேண்டும்.

மலைக்குத் தகுந்த திட்டங்களைப் போட இந்த மாநிலத்துக்குத் தெரியாமல் இல்லை. 2022இல் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது முதல் கட்டத்திலேயே மலைப்பகுதிப் பள்ளிகளைச் சேர்த்தார்கள். பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும் தூரத்துக்கு ஒரு விடைதான், ஆறு வயதில் வீட்டைப் பிரிவதை விலையாகக் கேட்கும் விடை. சோறு விஷயத்தில் செய்த அந்த முன்னுரிமையை ஆசிரியர் விஷயத்திலும் செய்யலாம்: மலைப் பள்ளிகளுக்குத் தலைக்கணக்கை விட்டு வகுப்புக்கணக்கில் பணியிடம், அங்கேயே தங்குகிறவருக்கு வீடும் கூடுதல் படியும், ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு மழைக்காலத்திலும் நிற்காத வண்டி. மத்தியச் சட்டம் சொல்வது குறைந்தபட்ச எண்ணிக்கை. அதற்கு மேல் ஆசிரியர்களைப் போட மாநிலத்துக்கு எந்தத் தடையும் இல்லை. ஓர் அரசாணை போதும்.