பிள்ளைகளின் கைக்கேற்ற வேலை: திருச்சுழியும் யாழ்ப்பாணமும்

திருச்சுழிக்கு வந்திருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், ஊருணிக்கரையில் இடுப்பிற் குடமேந்தி நின்ற சிறுமியைக் கண்டு, “உங்கட பக்கத்தில பிள்ளையளை வேலைக்காரராத்தான் வளர்க்கிறியள் போல கிடக்கு” என்று சொன்னதை, இரக்கத்தால் எழுந்த வார்த்தையென்றே கொள்கிறேன். ஆயினும் அதற்கு மறுமொழி கூறாது விடுவது எங்கள் கரிசல் நாட்டுத் தாய்மாருக்கு அநியாயம் செய்வதாகும்.

குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடக்க, கண்மாயும் ஊருணியுமே கதியென்று வாழ்ந்த இப்பிரதேசத்தில், பிள்ளைக்கு எந்த வயதில் எந்த வேலை என்பதை ஏட்டைப் பார்த்து எவரும் நிச்சயித்ததில்லை. பாத்திரமே அதை நிச்சயித்தது. ஐந்து வயதில் செம்பு, எட்டில் சிறுகுடம், உடம்பில் உரம் ஏறிய பிறகே பெருங்குடம். செம்பைத் தளும்பாமல் கொண்டுவந்த கைக்குத்தான் அடுத்த பாத்திரம். அவ்வாறே சின்னஞ்சிறுசுகளுக்கு வேப்பமுத்துப் பொறுக்கும் வேலை. சற்று வளர்ந்தால் மாலையில் ஆட்டுக்குட்டிகளை ஓட்டிவந்து அடைக்கும் வேலை. அருப்புக்கோட்டை நெசவாளர் வீடுகளிலோ, விரல் நிதானப்பட்ட பிள்ளை ராட்டையில் தார் சுற்றும். குழித்தறியின் மிதிபலகைக்குக் கால் எட்டாத பிள்ளையைத் தறியில் உட்கார வைக்கும் பேச்சே எழாது.

யாழ்ப்பாணத்திலோ வளவுக்குள்ளேயே கிணறு. ஆகவே அங்குள்ள பிள்ளைகளின் வேலையும் பெரும்பாலும் வேலிக்குள் அடங்கியது: முற்றம் கூட்டுதல், உதிர்ந்த பலாவிலைகளை ஆட்டுக்காகக் கம்பியிற் குத்திச் சேர்த்தல், கிழங்குப் பாத்திக்குப் பனங்கொட்டை பொறுக்குதல். எங்கள் அடுப்படி அவர்களுக்குக் குசினி. எங்கள் வாரியல் நிற்கும் மூலையில் அங்கே தும்புத்தடி. 1945இல் இலவசக் கல்வி கண்ட இலங்கையில், புத்தகம் விரித்த பிள்ளையை வேலைக்கு அழைக்கத் தயங்கும் பண்பு போற்றத்தக்கதே. அங்கே விருந்தாளியாய்ச் சென்ற நான், எனக்கு விரித்த பாயிலிருந்து கண்டவை இவ்வளவே; எனினும், தாகத்தின் விலையைப் பிஞ்சு வயதிலேயே அறிந்து, சிந்திய நீருக்கு வருந்தும் சுபாவம் எங்கள் பிள்ளைகளிடத்தில்தான் அதிகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நண்பர் சிவகாசியையும் சாத்தூரையும் நினைத்தே அவ்வாறு சொல்லியிருக்கலாம். மானாவாரி பொய்த்தபோது இந்தச் சீமையின் பிள்ளைகள் தீப்பெட்டித் தொழிலுக்குக் கூலிகளாய்ப் போனது மறைக்க முடியாத துயரம். ஆனால் அது வீட்டுவேலையின் தொடர்ச்சியன்று, வறுமையின் கொடுமை. சிறுவயதிலேயே படிப்பு நின்று துணிக்கடையில் அமர நேர்ந்த விருதுநகர்க் காமராசரே பின்னர் முதலமைச்சராகிப் பள்ளியில் மதிய உணவைப் பரப்பினார் என்பதில், வேலைக்கும் கூலிக்கும் உள்ள பேதத்தை எங்கள் மண் நன்குணர்ந்தது விளங்கும். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பணிக்கமர்த்துவதைத் தடுத்து, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதை அனுமதிக்கிறது.

எங்களிடம் திருந்த வேண்டியது ஒன்றுண்டு. செம்பு பொதுவாயிருக்க, குடம் மட்டும் பெண்பிள்ளையின் இடுப்புக்கே போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்துக் குசினியிலும் ஆண்பிள்ளையை நான் அதிகம் கண்டேனில்லை. பள்ளியைத் தொடாமலும் உடம்புக்கு மிஞ்சாமலும் வேலையளந்து கொடுத்த எங்கள் தாய்மார், அந்த அளவை மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாகவே வைப்பார்களாயின், இந்த வறண்ட சீமையின் வளர்ப்பு முறை எந்த நாட்டின் முன்னும் தலைநிமிர்ந்து நிற்கும்.