பத்துக்கு 4.6 வாங்கிய மனை

எங்க அயனம்பாக்கம் பக்கம் மனை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "2015-ல தண்ணி வந்துச்சா?" ஏரிக்கு எந்தப் பக்கம், தெரு எவ்வளவு பள்ளம்... நமக்குத் தெரிந்த நிலவியல் அவ்வளவுதான். அதனால், கோத்தகிரிப் பக்கம் சரிவில் ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, "மாமா, ரிப்போர்ட்ல லோ ஹசார்ட்னு போட்டிருக்கு, கட்டலாம்ல?" என்று மச்சினன் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கத்தை அனுப்பியபோது, சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. பத்துக்கு 4.6 மார்க். கீழே, ஐ.எஸ். 14496 (பகுதி 2) : 1998-ன்படி என்று ஒரு வரி. சரி, அது என்னதான் சொல்லுதுன்னு தேடிப் படித்தேன்.

மலைப்பகுதிகளுக்கு நிலச்சரிவு அபாய வரைபடம் தயாரிப்பதற்கான இந்தியத் தரநிலை அது. ரூர்க்கியில் இருந்த ஆர். அன்பழகன் 1992-ல் வெளியிட்ட முறைதான் அடிப்படை. பாறை வகைக்கு 2 மார்க், பாறையின் அமைப்புக்கு 2, சரிவின் கோணத்துக்கு 2, உயர வித்தியாசத்துக்கு 1, நிலப் பயன்பாட்டுக்கு 2, நிலத்தடி நீருக்கு 1. நம்ம ஸ்கூல் மார்க்குக்கு நேர் எதிர், கூடினால் ஆபத்து. 7.5-ஐத் தாண்டினால் மிக அதிக அபாயம், 3.5-லிருந்து 5 வரை குறைவு.

நல்ல முறைதான், குறை சொல்லவே இல்லை. "எனக்கென்னவோ சரியாப் படல" என்று ஒரு நிபுணர் சொல்வதோடு நிற்காமல், எந்த வரியில் ஏன் 1.7 போட்டார் என்று இன்னொருவர் சண்டை போட முடியும். கம்ப்யூட்டர் இல்லாமல், களத்திலேயே கூட்டிப் பார்க்கலாம்.

ஆனால் ஒரு வீட்டு மனைக்கு இதைச் சான்றிதழ் மாதிரி நீட்டுவது அபத்தம். இந்த வரைபடங்களின் அளவு 1:50,000, நுணுக்கமாகப் போனால் 1:25,000. முதல் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். முப்பதுக்கு நாற்பது அடி மனை, கால் மில்லிமீட்டர்கூட வராது. பென்சில் கோட்டுக்கு அடியில் இரண்டு மூன்று வீடுகள் காணாமல் போய்விடும். 4.6 என்பது மச்சினன் மனையின் மார்க் அல்ல, அந்தச் சரிவு முழுவதற்குமான மார்க்.

அடுத்தது மழை. அது பட்டியலிலேயே கிடையாது. சரிவுக்குள்ளேயே இருக்கும் காரணங்களுக்கு மட்டும்தான் மார்க்; மழையும் நிலநடுக்கமும் வெளிக் காரணங்கள். வரைபடம் போட அது நியாயமான முடிவு. ஆனால் 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அந்த மாதச் சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மே மாத வெயிலிலும் அந்த நவம்பரிலும் ஒரு சரிவுக்கு ஏறக்குறைய அதே மார்க்தான்.

என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. இந்த அட்டவணை, நாம் நிற்கும் சரிவு நழுவுமா என்றுதான் கேட்கிறது. மேலே இருப்பது நம்மேல் வந்து விழுமா என்று கேட்பதில்லை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஒரு வீட்டை மூடியது. ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர். மலையடிவாரத்தில் இருந்த வீடு அது. அடிவாரத்துக்கு மட்டும் மார்க் போட்டுப் பார்த்தால் சாய்வுக்கு ஒன்றும் பெரிதாக வராது. எங்க வேலையில் இது தினசரிக் கதை: நம்ம மாட்யூல் எல்லா டெஸ்ட்டும் பாஸ், மேலிருந்து வரும் டேட்டா மொத்தத்தையும் சாய்த்துவிடும்.

இன்னொன்று, மார்க் போட்டது வெட்டுவதற்கு முன் இருந்த சரிவுக்கு. வீடு கட்ட ஜேசிபி வந்து பின்பக்கம் பத்தடி செங்குத்தாக வெட்டும். அந்த மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமன் செய்வார்கள். அப்புறம் குளியலறைத் தண்ணீரும் செப்டிக் டேங்க் தண்ணீரும் தினமும் அதே மண்ணுக்குள் இறங்கும். 20 டிகிரிக்கு 0.8 என்று போட்ட கட்டம் அன்றைக்கே பொய்யாகிவிடும். "சாயில் டெஸ்ட் எடுத்தாச்சு மாமா" என்றான். அது எடை தாங்குமா என்பதற்குப் பதில், மண் நிற்குமா என்பதற்கு இல்லை.

எஃப்.எம்.பி. வாங்கி மனைக்குள்ளோ மேலேயோ ஓடை இருக்கிறதா பார், அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள் இருக்கிறதா பார், 2009-ல் என்ன ஆச்சு என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களைக் கேள், முக்கியமாக மேட்டு உச்சிவரை ஒருமுறை ஏறிப் பார் என்றேன். அதோடு, ரிப்போர்ட் கொடுத்தவரிடம் 4.6-ன் ஆறு வரிகளையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னேன். அது இன்னும் வரவில்லை.

போன ஞாயிறு ஏறிப் பார்த்துவிட்டு போன் செய்தான். மேல் மனையில் புதுசாக வெட்டிய மண் தடுப்புச் சுவர் இல்லாமல் குவிந்து கிடக்கிறதாம். ரிப்போர்ட் தேதிக்கு அப்புறம் வெட்டியது. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறான். புரோக்கர் போனை எடுக்கவில்லை.