சுரங்கமும் மனுவும்

‘பிரிசன் பிரேக்’ தொடரை (2005–2009, மறுபடி 2017) ஆம்பூர் ஷூ கம்பெனிப் பையன்கள் செல்போனில் விடிய விடியப் பார்க்கிறார்கள். “ஜெயில் மேப்பையே ஒடம்புல பச்ச குத்திக்கினு உள்ள போறான்ணா!” என்றான் ஒருவன். ஈர்ப்பு அங்கேதான். கைதியின் உடலை அதிகாரம் வாசிப்பதே வழக்கம். இங்கே உடல் சிறையை வாசித்துவிடுகிறது. ஆனால் இந்தச் சந்தோஷத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. மின்சார நாற்காலிக்குக் காத்திருக்கும் அண்ணன் நிரபராதி. அதனால்தான் சட்டத்தை மீற நமக்கும் அனுமதி. மீறுவதும் ஒரு என்ஜினியரின் மூளை.

வேலூர்க் கோட்டையில் 1799க்குப் பின் திப்புவின் குடும்பத்தை அடைத்தார்கள். அங்கே திப்பு மகால் சிறப்பு முகாமிலிருந்து 1995 ஆகஸ்டில் விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டி வெளியேறினார்கள். (அவர்கள் அரசியல்மீது எனக்கு விமர்சனம் உண்டு, அது வேறு.) தனி நாயகன் கிடையாது, நிரபராதி முத்திரையும் கிடையாது. நம் ரசனைக்குள் அவர்கள் வரவேயில்லை.

வேலூர்ச் சிறையில் பேரறிவாளன் தோண்டியது காகிதத்தில். 2000இல் போட்ட கருணை மனு 2011இல்தான் நிராகரிக்கப்பட்டது. செப்டம்பர் 9 தூக்கு என்று நாளும் குறித்தாயிற்று. உயர்நீதிமன்றம் தடுத்தது. அந்தப் பதினோரு வருஷத் தாமதத்தையே காரணம் காட்டி 2014இல் தூக்கு ஆயுளானது. விடுதலை 2022 மே 18இல்.