மருத்தின் இடை

1955 முதல் ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப். பக்கத்திலேயே இருப்பதால், பெரம்பூர்க்காரர்களுக்குத் தகட்டு வேலை என்றால் கண் தானாக நின்றுவிடும். பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகத்தில் மருத் போர் விமானத்தின் முன் எனக்கும் அதுவே நேர்ந்தது. இறக்கை சேரும் இடத்தில் அதன் உடல் உடுக்கை போல ஒடுங்குகிறது. ஒலிவேகத்தை நெருங்கும்போது காற்றின் இழுவையைக் குறைக்கவே அந்த ஒடுக்கம். எவ்வளவு அழகான கணக்கு! ஜெர்மானியர் கர்ட் டாங்க் தலைமையில் உருவான இதை, 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் முதன்முதலாகப் பறக்கவிட்டார். இந்த உடலுக்கு ஏற்ற வலுவான எஞ்சின் மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை. நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஆனாலும் 1971 போரில் ராஜஸ்தான் முனையில் களம் கண்டது. பெங்களூரு போனால், பக்கவாட்டில் நின்று அந்த இடையைப் பாருங்கள்.