ஊர் ஒற்றுமை – யார் ஒற்றுமை?

"எங்கள் ஊரில் சண்டையில்லை, சச்சரவில்லை, ஒரு தாய் மக்களாய் வாழ்கிறோம்" என்று கூறாத ஊர்ப் பெரியவர் உண்டோ? திருவிழா மேடையிலே கூறுவார். தேர்தல் நேரத்திலே கூறுவார். கலகம் மூண்டு, போலீசார் வந்து நிற்கும் வேளையிலுங்கூடக் கூறுவார் – "வெளியார் வந்து கெடுத்துவிட்டார்கள்" என்ற ஒரு வரியையும் சேர்த்து! கேட்க இனிமைதான். ஆனால் இனிக்கிறது என்பதற்காக எதையும் விழுங்கிவிடும் வழக்கம் பகுத்தறிவாளருக்கு இல்லை. 'எங்கள் ஊர்' என்கிறாரே, அந்த ஊரில் அடங்கியோர் யார் யார் என்று கேட்பதே நம் வழக்கம்.

விடையை நம் பேச்சு வழக்கே தந்துவிடுகிறது. 'ஊரும் சேரியும்' என்றார்கள் அன்று. 'ஊரும் காலனியும்' என்கிறார்கள் இன்று. பெயர் மாறிற்று, இடையிலே நிற்கும் 'உம்' மாறவில்லை. அந்த 'உம்'மை எண்ணும்மை என்று வகுப்பறையிலே சொல்லித் தருகிறோம். வெவ்வேறான பொருள்களை எண்ணிக் காட்ட வருவது அது. ஆக, ஊர் வேறு, சேரி வேறு என்று இலக்கணமே சாட்சி சொல்கிறது. 'ஊர் ஒற்றுமை' என்றால் அது சேரி நீங்கலான ஒற்றுமையே அன்றோ!

இந்தியக் கிராமங்கள் தனித்தனிச் சிறு குடியரசுகள் என்று 1830இல் எழுதிவைத்தார் சார்லஸ் மெட்காப் என்னும் வெள்ளை அதிகாரி. எழுதியவர் வெள்ளையர், அதை ஏந்தி மகிழ்ந்தவர்களோ நம் நாட்டுப் பழமை விரும்பிகள். 1948 நவம்பர் 4ஆம் நாள், அரசியல் நிர்ணய சபையிலே வரைவுச் சட்டத்தை முன்வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், அந்தப் புகழ்ச்சியின் மீது சம்மட்டியால் அடித்தார். குறுகிய மனமும் அறியாமையும் வகுப்பு வெறியும் குடியிருக்கும் இடமே கிராமம் என்றார். கிராமத்தைச் சீர்திருத்துவது பற்றிப் பேசிய பெரியாரும், கிராமம் என்னும் அமைப்பே ஒருவகை வருணாசிரமம் என்று கண்டவர். இருவரும் கிராமத்து மக்களை வெறுத்தவர்களல்லர். அம்மக்களில் ஒரு பகுதியினரை ஊருக்கு வெளியே நிறுத்தும் ஏற்பாட்டை வெறுத்தவர்கள்.

இன்று கல்லூரிகளிலே, 'சமுதாய இணக்கம்' என்று பெயரிட்டு அதை அளக்கவும் முனைகிறார்கள். அளப்பது நல்லதே, அளவு அறிவின் கருவி. ஆனால் அளக்கும் கோல் எது? 1970இல் இத்தாலியில் வட்டார அரசுகள் அமைக்கப்பட்டன. சட்டம் ஒன்று, அமைப்பும் ஒன்று. ஆயினும் வடக்கே அவை செம்மையாய் நடந்தன, தெற்கே தடுமாறின. காரணம் தேடிய அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் புட்னம், 1993இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு கோலைக் காட்டினார். எத்தனை பாட்டுக் குழுக்கள், எத்தனை பந்தாட்டக் கழகங்கள், செய்தித்தாள் படிப்போர் எத்தனை பேர், பொது வாக்கெடுப்பில் கலந்துகொள்வோர் எத்தனை பேர் என்று எண்ணினார். மக்கள் கூடிப் பழகிய இடத்தில் நம்பிக்கை வளர்ந்தது, நம்பிக்கை வளர்ந்த இடத்தில் ஆட்சி சிறந்தது என்பது அவர் முடிபு.

நல்ல நூல், படிக்க வேண்டிய நூல். ஆனால் இந்தக் கோலை அப்படியே எடுத்துவந்து நம் ஊர்களில் வைத்தால் என்ன ஆகும்?

மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல். 1996இல் இவ்வூராட்சிகளின் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. ஊர் கூடிற்று, முடிவெடுத்தது. மனுச் செய்ய ஆளில்லாமற் போயிற்று. மனுச் செய்து வென்றவரோ, வென்ற கையோடு பதவி விலகினார். பத்தாண்டுகள் இந்த நாடகம்! 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்து, வென்றவர்கள் நாற்காலியில் நிலைத்தார்கள். அந்தப் பத்தாண்டுகளில் அவ்வூர்களிலே கூட்டம் இல்லையா, கட்டுப்பாடு இல்லையா, ஒருவர் சொல்லுக்கு மற்றவர் நிற்கும் உறுதி இல்லையா? எல்லாம் இருந்தன. அளவுக்கு மேலேயே இருந்தன! ஒருவன் உரிமையை ஊரே கூடித் தடுப்பதற்கும் ஒற்றுமை வேண்டும் அல்லவா?

மேலூரை அடுத்த மேலவளவில் அந்த ஒற்றுமை அரிவாளாயிற்று. ஊராட்சித் தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30ஆம் நாள், உடன் வந்த தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். நாற்காலியில் அமர்ந்ததைத் தவிர அவர் செய்த குற்றம் வேறில்லை.

உத்தப்புரத்திலோ அந்த ஒற்றுமை சுவராயிற்று. 1989இல் நடந்த கலவரத்திற்குப் பின் எழுந்த சுவர் அது. அமைதிக்கென்றே கட்டியதாகச் சொன்னார்கள். சுவர் நின்ற ஆண்டுகளில் அவ்வூரைக் காண வந்தவன், "அமைதியான ஊர்" என்றே எழுதிப் போயிருப்பான். 2008 மே 6ஆம் நாள் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. ஆதிக்கச் சாதியார் பலர் வீடுவாசலை விட்டு வெளியேறி மலையடிவாரத்திலே போய்த் தங்கினர். பாதை திறந்தால் ஊரை விட்டே போவோம் என்பவர்களை, அதுவரை ஊரோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தது எது? அன்பா? சுவரன்றோ!

புட்னமும் இதை அறியாதவரல்லர். 2000இல் எழுதிய மற்றொரு நூலில் இருவகை இணைப்பை அவர் பிரித்துக் காட்டினார்: தம்மவரைத் தம்மவரோடு பிணைக்கும் கட்டு ஒன்று; தம்மவரைப் பிறரோடு சேர்க்கும் பாலம் மற்றொன்று. நம் ஊர்களில் கட்டுக்குப் பஞ்சமில்லை. பாலத்திற்குத்தான் பஞ்சம்.

ஆகவே, நமக்கு வேண்டிய கோல் வேறு. தேநீர்க் கடையில் குவளை ஒன்றா, இரண்டா? குடிநீர்த் தொட்டி ஒன்றா, இரண்டா? பிணம் எந்தத் தெரு வழியாகப் போகிறது, எந்தச் சுடுகாட்டிலே வேகிறது? ஆதிதிராவிடத் தலைவர் ஊராட்சி அலுவலகத்திலே நாற்காலியில் அமர்கிறாரா, ஓரமாய் நிற்கிறாரா? சாதி கடந்து மணந்த இளையோர் அதே ஊரில் குடித்தனம் நடத்த முடியுமா?

கடைசிக் கேள்வியே கடுமையான கேள்வி. 2012 நவம்பரில் தருமபுரி மாவட்டத்திலே, சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணங்காட்டிக் காலனி வீடுகள் கொளுத்தப்பட்டன. 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலிலே, ஆதிதிராவிடர் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருக்கக் கண்டனர். விசாரிக்கச் சென்ற மாவட்ட ஆட்சியர், இரட்டைக் குவளையையும் கோயில் நுழைவுத் தடையையும் அங்கே கண்டார். தொட்டி செய்தியாகும் வரை, குவளை யார் கண்ணிலும் படவில்லை!

இங்கே நம்மையும் நாம் விசாரித்துக்கொள்ள வேண்டும். 1967க்குப் பின் இந்த மாநிலத்தை ஆண்டோர் பெரியார் பெயரைச் சொல்லியே வந்தவர்கள். மேடை நமக்குக் கிடைத்தது, ஏடு கிடைத்தது, கோட்டையும் கிடைத்தது. குவளை மட்டும் ஏன் இரண்டாகவே இருந்தது? பார்ப்பனியத்தைச் சாடிய நம் நாவு, பக்கத்துத் தெரு ஆதிக்கத்தைக் கண்டபோது தழுதழுத்தது ஏன்? 'நம்மவர்' என்ற கட்டு நம் கையிலும் இருந்தது என்பதே உண்மை. கசக்கும், ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

பாலம் கட்டும் வழி நமக்குத் தெரியாததன்று. கலைஞர் ஆட்சியில் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10; எல்லார்க்கும் பொதுவாய்ச் சமுதாயக் கூடமும் இடுகாடும். 'ஊரும் சேரியும்' என்ற 'உம்'மை அழிக்க எடுத்த முயற்சி அது. வாழ்க அந்த எண்ணம்! ஆனால் பழைய ஊரைப் பழையபடி விட்டுவிட்டு, பக்கத்திலே புதுக்குடியிருப்பு எழுப்புவதால் மட்டும் வேலை முடியாது. பழைய ஊரே சமத்துவபுரம் ஆக வேண்டும்.

அதற்குப் பழக்கம் மட்டும் போதாது, அமைப்பு வேண்டும். அசுதோஷ் வார்ஷ்ணே என்னும் அறிஞர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கலவரம் மூளும் அலிகாரையும் அமைதி காக்கும் கோழிக்கோட்டையும் ஒப்பிட்டார். தெருவிலே கண்டு சிரிக்கும் பழக்கம், நெருக்கடி வந்தபோது நகரங்களைக் காக்கவில்லை. இரு மதத்தாரும் உறுப்பினராயிருந்த வணிகர் சங்கமும் தொழிற்சங்கமும் வாசகர் மன்றமும் போன்ற அமைப்புகளே காத்தன. மதத்திற்குச் சொன்னது சாதிக்கும் பொருந்தும் என்பது நம் துணிபு.

எல்லாவற்றுக்கும் முந்திய அமைப்பு பள்ளி. அங்கும் மணிக்கட்டிலே சாதிக் கயிறு ஏறிவிட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே, மாணவன் ஒருவனையும் தடுக்க வந்த தங்கையையும் உடன் பயின்றோரே வீடு புகுந்து வெட்டினர். அதன்பின் அமைத்த குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் கயிற்றுக்குத் தடை கேட்டார். கயிற்றை அறுப்பது எளிது. அதைக் கட்டியனுப்பிய ஊரை என்ன செய்வது?

தோழர்களே! "கிளறாதீர், அமைதி கெடும்" என்பார்கள். கெடட்டும்! ஒருவன் வாய்மூடி நிற்பதால் மட்டுமே நிலைக்கும் அமைதி, கெட வேண்டிய அமைதிதான். இந்த ஞாயிறு, ஒரு குறிப்பேட்டோடு சொந்த ஊருக்குப் போங்கள். குவளையை எண்ணுங்கள், தொட்டியை எண்ணுங்கள், சுடுகாட்டை எண்ணுங்கள். ஒன்று என்று வந்தால், ஊர் ஒற்றுமையை நாமும் பாடுவோம். இரண்டு என்று வந்தால், பணி அங்கே தொடங்குகிறது.