சட்டமும் சடலமும்: கமிலா ஷம்ஸியின் 'ஹோம் பயர்' நாவல் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஒரு காலகட்டத்தின் அரசியல் நெருக்கடியை அக்காலத்து இலக்கியம் எங்ஙனம் எதிர்கொள்கின்றது என்பது விமர்சகரின் கவனத்திற்குரிய வினாவாகும். பழங்கதையொன்று புதிய காலத்திற்குப் பொருத்தி எழுதப்படும்போது இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. அப்பழங்கதை இன்றைய பிரச்சினையை விளக்குகின்றதா, அன்றி அதன் ஒரு பகுதியை எமது பார்வையினின்றும் மறைத்துவிடுகின்றதா என நாம் நோக்கவேண்டியுள்ளது. கராச்சியிற் பிறந்து பின்னர் பிரித்தானியக் குடியுரிமை பெற்ற கமிலா ஷம்ஸி எழுதி 2017ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹோம் பயர்' என்னும் ஆங்கில நாவல் இத்தகைய நோக்குக்குப் பெரிதும் உரியது. 2018ஆம் ஆண்டில் பெண்களுக்கான புனைகதைப் பரிசினைப் பெற்ற இந்நாவல், சொபொக்கிளீசின் 'அன்ரிகனி' நாடகக் கதையை இன்றைய இலண்டனுக்குக் கொணர்ந்து, இஸ்லாத்தின் பெயரால் நிகழும் தீவிரவாதத்திற்குப் பிரித்தானிய அரசு அளித்த மறுமொழியை விசாரணை செய்கின்றது.

'அன்ரிகனி'யின் கதை பலரும் அறிந்ததே. தீப்ஸ் நகரின்மீது படையெடுத்து வந்து மாண்ட பொலினைசீசின் உடலை அடக்கஞ் செய்யலாகாது என மன்னன் கிறியோன் ஆணையிடுகின்றான். சகோதரி அன்ரிகனி ஆணையை மீறித் தன் கடனைச் செய்கின்றாள். அவளை மணக்கவிருந்த ஹேமன் மன்னனின் மகன். ஈற்றில் அன்ரிகனியும் ஹேமனும் மடிய, கிறியோன் தன் பிழையை உணர்ந்து நொந்து நிற்கின்றான். எனினும், அவனது வாதம் வெறும் கொடுங்கோலனின் வாதமன்று என்பது மனங்கொள்ளத்தக்கது. முற்றுகையினின்றும் அப்போதுதான் மீண்ட நகரொன்றின் பாதுகாப்புக்கு அவன் பொறுப்பாளி. நகரைக் காத்தவனும் அதனை அழிக்க வந்தவனும் ஒரே மரியாதையைப் பெறலாமா என அவன் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

பிரித்தானிய அரசின் வினாவும் இத்தகையதே. 2005ஆம் ஆண்டு யூலை 7ஆம் திகதி இலண்டனின் நிலக்கீழ்ப் புகையிரதங்களிலும் பஸ் வண்டியொன்றிலும் குண்டுகள் வெடித்து 52 பேர் உயிரிழந்தனர். குண்டுகளைச் சுமந்து சென்று தாமும் மாண்ட நால்வரில் மூவர் பிரித்தானியாவிலேயே பிறந்தவர்கள். 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் மான்செஸ்ரர் நகரின் இசை நிகழ்ச்சியொன்றின் முடிவில் 22 பேர் கொல்லப்பட்டனர். மக்களைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு என்பதை எவரும் மறுத்தற்கில்லை. அக்கடமையை எவ்வழியில் நிறைவேற்றுவது என்பதே பிரச்சினை.

அரசு கைக்கொண்ட வழிகள் பல. 2001ஆம் ஆண்டுச் சட்டம் பயங்கரவாதிகள் எனச் சந்தேகிக்கப்பட்ட வெளிநாட்டவரை விசாரணையின்றிக் காலவரையறையில்லாது தடுத்துவைக்க இடமளித்தது. 2004 டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதியரசர் ஒன்பதின்மரில் எண்மர் அது மனித உரிமைகளுக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தனர். வெளிநாட்டவருக்கு மட்டும் ஒரு நீதி எனப் பாகுபாடு காட்டியமை அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. அதனைத் தொடர்ந்து 2005இல் வந்த கட்டுப்பாட்டு ஆணைகள் குடிமக்களையும் உள்ளடக்கின. 2015ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலைகள், பல்கலைக்கழகங்கள், வைத்தியசாலைகள் ஆகியவற்றின்மீதும் தீவிரவாதத்தைத் தடுக்கும் கடமையைச் சுமத்திற்று.

இவற்றினூடே அதிக ஆரவாரமின்றி வளர்ந்ததே குடியுரிமை பறிக்கும் அதிகாரம். 2002 வரை பதிவாலோ விண்ணப்பத்தாலோ குடியுரிமை பெற்றவர்களிடமிருந்தே அதனைப் பறிக்க முடிந்தது. அவ்வாண்டுச் சட்டம் பிறப்பாற் குடிகளானோரையும் அவ்வதிகாரத்தின்கீழ்க் கொணர்ந்தது. 2006இல் பொதுநலனுக்கு உகந்தது என அமைச்சர் கருதினாலே போதும் என்றாயிற்று. 2014ஆம் ஆண்டுச் சட்டம், விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர் வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெறக்கூடுமென நம்ப இடமிருந்தால், அவரை நாடற்றவராக்கவும் வழிசெய்தது. ஏனையோரை நாடற்றவராக்கலாகாது என்னும் தடை இருந்தமையால், பிறப்பாற் குடிகளானோருள் இன்னொரு நாட்டுரிமை உடையவரையே இவ்வதிகாரம் தொடும். பெரும்பாலும் குடியேறிகளின் பிள்ளைகளே அத்தகையோர். சொற்களில் அனைவருக்கும் பொதுவான சட்டம் நடைமுறையில் இருவகைக் குடிகளை உருவாக்கியமை இவ்வாறே.

நாவலின் கதை இக்களத்திலேயே நிகழ்கின்றது. வெம்பிளியின் பிரெஸ்ரன் வீதியில் வளர்ந்த மூத்த சகோதரி இஸ்மா, இரட்டையரான அனீக்கா, பர்வெய்ஸ் ஆகியோரின் தந்தை ஜிகாத் போராளி. குவாந்தனாமோ சிறைக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்தவர். தந்தை பட்ட சித்திரவதையைச் சொல்லிச் சொல்லியே பாரூக் என்பவன் பர்வெய்சைத் தன்வயப்படுத்தி, றக்காவிலிருந்த தீவிரவாத இயக்கத்தின் பிரசாரப் பிரிவிற் சேர்க்கின்றான். உண்மையை உணர்ந்து நாடு திரும்ப முயன்ற பர்வெய்ஸ், இஸ்தான்புல் நகரிலுள்ள பிரித்தானியத் துணைத் தூதரகத்தின் வாயிலிற் கொல்லப்படுகின்றான். உள்நாட்டலுவல்கள் அமைச்சரான கராமத் லோன் அவனது குடியுரிமையை நீக்கியதோடமையாது, சடலத்தையும் பிரித்தானியாவுக்குள் அனுமதிக்க மறுக்கின்றார். சடலம் கராச்சிக்கு அனுப்பப்படுகின்றது. அனீக்கா அங்கு சென்று பூங்காவொன்றிற் பனிக்கட்டிகளின் நடுவே அதனைக் காத்திருக்கின்றாள். அமைச்சரின் மகன் ஈமன் அவளை நாடிச் செல்ல, இருவரும் குண்டுவெடிப்பில் மாள்கின்றனர்.

இந்நாவலின் முதற்சிறப்பு கராமத் லோனின் பாத்திர வார்ப்பாகும். அவரும் பாகிஸ்தானியக் குடியேறிகளின் மகனே. முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவரே. உடையாலும் நடத்தையாலும் வேறுபட்டு நிற்காதீர் என முஸ்லிம் மாணவருக்கு அவர் உபதேசிக்கின்றார். கிறியோனுக்குத் தான் தீப்ஸ் நகரத்தான் என நிறுவவேண்டிய தேவை இருக்கவில்லை. கராமத்துக்கோ அத்தேவை அன்றாடம் இருக்கின்றது. அவரது கடுமையின் ஊற்று இதுவே எனக் காட்டியதன் மூலம் பழங்கதைக்கு இல்லாத சமூகப் பரிமாணமொன்றை ஆசிரியர் வழங்கியுள்ளார்.

இரண்டாவது சிறப்பு, சந்தேகம் அன்றாட வாழ்விற் படியும் விதத்தை நுணுக்கமாகக் காட்டியமை. நாவலின் தொடக்கத்தில் ஹீத்ரோ விமான நிலையத்தில் இஸ்மா நெடுநேரம் விசாரிக்கப்படுகின்றாள். குர்ஆனையும் குடும்பப் படங்களையும் முன்னெச்சரிக்கையாக வீட்டில் விட்டு வந்தவள் அவள். மகாராணி, ஈராக் யுத்தம் முதலியன பற்றி மட்டுமன்றித் தொலைக்காட்சியிற் காட்டப்படும் கேக் செய்யும் போட்டி பற்றியும் அவளது கருத்து வினவப்படுகின்றது. ஈற்றில் அவள் விமானத்தைத் தவறவிடுகின்றாள். குற்றம் யாதும் இல்லை. யாரும் அவளை அடிக்கவுமில்லை. தான் பிறந்த நாட்டிற்குத் தான் உரியவள் என நிறுவும் சுமை அவள் தலையில் வைக்கப்படுகின்றது, அவ்வளவே. அரசியற் கட்டுரைகள் பலவும் விளக்கத் திணறும் செய்தியை இக்காட்சி எளிதில் உணர்த்திவிடுகின்றது.

கிரேக்க நாடகத்தின் கோரஸ் இங்கு பத்திரிகைத் தலைப்புகளாகவும் சமூக ஊடகக் குறிப்புகளாகவும் மாறியிருப்பதையும் குறிப்பிடல் வேண்டும். சொபொக்கிளீசின் நகரமக்கள் அன்ரிகனிக்காக இரகசியமாக இரங்குவதாக ஹேமன் தந்தையிடம் கூறுகின்றான். அங்கு மன்னன் கடுமையானவன், மக்கள் இரக்கமுள்ளோர். ஷம்ஸியின் இலண்டனில் மக்கட் குரல் எனப்படுவது அமைச்சரினும் கடுமையாக ஒலிக்கின்றது. வாக்குகளால் ஆளும் அரசில் கிறியோன் தனியொருவன் அல்லன் என்னும் கசப்பான உண்மையை ஆசிரியர் ஒளிக்கவில்லை.

ஆயினும் நாவலின் பலவீனமும் அதன் பலத்தை ஒட்டியே அமைந்துள்ளது. துன்பியல் நாடகத்திற்கு ஆணையிடும் ஒரு மனிதன் வேண்டும். அவன் தன் ஆணையின் விலையைத் தானே செலுத்தவும் வேண்டும். ஆகவே அரசதிகாரம் முழுவதும் கராமத் லோன் என்னும் தனிமனிதனின் அகந்தையிலும் அச்சத்திலும் வந்து குவிகின்றது. உண்மையில் இவ்வதிகாரம் ஒருவர் கையில் ஒருநாளில் முளைத்ததன்று. 2002, 2006 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் தொழிற்கட்சி ஆட்சியில் வந்தவை. 2014ஆம் ஆண்டுச் சட்டம் கன்சர்வேட்டிவ், லிபரல் ஜனநாயகக் கட்சிகளின் கூட்டாட்சியில் வந்தது. வெவ்வேறு கட்சியினர் படிப்படியாகக் கட்டியெழுப்பிய இவ்வமைப்பில் எந்த அமைச்சரின் மகனும் சாகவேண்டியதில்லை. கிறியோன் கற்ற பாடத்தைக் கற்கவேண்டிய கட்டாயம் இந்நிருவாகத்திற்கு இல்லை.

நாவல் வெளிவந்து இரண்டாண்டுகளுக்குள் நிகழ்ந்த சம்பவம் இதனைத் தெளிவாக்குகின்றது. 2015இல் தன் பதினைந்தாவது வயதிற் கிழக்கு இலண்டனிலிருந்து சிரியா சென்ற மாணவியொருத்தியின் குடியுரிமையை, 2019 பெப்ரவரியில் உள்நாட்டலுவல்கள் அமைச்சர் சஜித் ஜாவிட் பறித்தார். அவரும் பாகிஸ்தானியக் குடியேறிகளின் மகன். பெற்றோர் வழியாக அப்பெண் பங்களாதேசத்துக்கு உரியவள் என வாதிடப்பட்டது. பங்களாதேச அரசோ அவளை ஏற்க மறுத்தது. வழக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் நடந்தது. 2024இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைச்சரின் முடிவை நிலைநிறுத்தியது; உச்ச நீதிமன்றமும் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. நாவல் தீர்க்கதரிசனம் உரைத்ததெனச் சிலர் இதனைக் கொண்டு வியக்கக்கூடும். நாவல் எழுதப்படுமுன்பே சட்டம் இருந்தது. அதனை வாசித்தறிந்த ஆசிரியர் எழுதினார் என்பதே பொருத்தம். இங்கு கிறியோன் மனம் மாறவுமில்லை, நாடகம் முடியவுமில்லை.

மற்றுமொரு குறையும் உண்டு. றக்காவில் அவ்வியக்கத்தின் கொடுமைக்கு இரையான சிரிய மக்கள் பர்வெய்சின் மனச்சான்றை உலுக்கும் பின்னணியாகவே வந்துபோகின்றனர். பர்வெய்சுக்கு நாவலிற் பெயரும் தாயகமும் துயருறும் சகோதரியும் உண்டு. அவன் துணைபோன கொடுமையால் இறந்தோருக்கு அவை இல்லை. அரசின் அநீதியைச் சுட்டும் படைப்பு இதனையும் தன் கணக்கிற் சேர்த்திருப்பின் அதன் நியாயம் மேலும் வலுப்பெற்றிருக்கும்.

குற்றஞ் செய்தவனைத் தண்டிப்பது வேறு. அவன் எம்மவன் அல்லன் எனக் கைகழுவுவது வேறு. தண்டிக்கும் அரசு அவனைத் தன் குடியாக ஏற்று, நீதிமன்றில் நிறுத்தி, அவன் எப்படி அவ்வாறானான் என்பதையும் கேட்கவேண்டியதாகின்றது. குடியுரிமையைப் பறிக்கும் அரசுக்கு அந்த வினாவைக் கேட்கவேண்டிய அவசியமே இல்லை. அவன் வளர்ந்த வீதியும் படித்த பாடசாலையும் விசாரணைக்கு வருவதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் 'நாடற்றவர்' என்னும் சொல்லை மலையகத் தமிழர் வாழ்வினூடாகக் கற்றுக்கொண்ட எமக்கு இவ்வேறுபாட்டின் கனதி எளிதிற் புரியும். அம்மக்கள் எக்குற்றமும் இழைத்தவரல்லர். ஆதலால் இருநிலைகளும் ஒன்றெனல் பொருந்தாது. ஆயினும், உரிமை என எண்ணியிருந்தது அரசு விரும்பினால் மீளப்பெறக்கூடிய சலுகையே என ஒருவர் அறியும் கணம் இரண்டிற்கும் பொதுவானது. அக்கணத்தைப் பர்வெய்சின் சடலத்தினூடாகக் கண்முன் நிறுத்தியமையே 'ஹோம் பயர்' நாவலின் நிலைத்த பெறுமதி. அதிகாரத்தை ஒரு மனிதனின் முகமாக மட்டும் காட்டிய குறை அதனிடம் இருப்பினும், எம்மவர் கற்கவும் விவாதிக்கவும் வேண்டிய படைப்பு இதுவெனத் துணிந்து கூறலாம்.